நரி வேட்டைக்குப் போன பூஞ்சை இன்ஸ்பெக்டர்

அமெரிக்கா போய் வந்தவர்கள் சிலைக்கு முன்னாலும் அருவிக்கு முன்னாலும் நின்று எடுத்த படங்களைக் காட்டுவார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு படம். அதில் ஒரு ஆள் தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஓட்டை விழுந்த தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கண்ணே தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பது நான்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி ஆபீசர். வீடு வேலூரில். மனைவி ஸ்டெல்லா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எங்கள் கம்பெனி டெக்சாஸ் பக்கம் இருக்கும் டேல் என்ற வியாபாரிக்கு ஒரு கன்டெய்னர் நிறைய பூட்ஸ் அனுப்பியது. மாட்டுப் பண்ணைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் போடும் முழங்கால் உயர பூட்ஸ். இதற்கென்றே ஒரு தனி ஹால் கட்டி, புது ஆட்களை எடுத்திருந்தோம். பெட்டியைத் திறந்த டேல் ஒரு போட்டோ அனுப்பினார். பூட்ஸின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

எங்கள் எம்.டி. என்னைக் கூப்பிட்டார்.

"சாமுவேல், பூசணம் அங்க போயித்தான் புடிச்சிது. புரியுதா? அந்தாளு கோடவுன்ல புடிச்சிதுன்னு அவன் கையாலயே எழுதி வாங்கிட்டு வா. கன்டெய்னர் திரும்பி வந்தா பூட்ஸ் ஹால இழுத்து மூட வேண்டியதுதான். நீயும் தனியா ஃப்ளைட்ல வர வேணாம், அதே கன்டெய்னர்ல ஏறி வந்துடு."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. தோலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. இரண்டு ஊசிகளைத் தோலில் குத்தினால் எண்ணைக் காட்டும். எங்கள் கம்பெனியில் அந்த மீட்டர் சாம்பிள் ரூமில் இருந்தது. சாம்பிள் ரூமுக்கு ஏசி உண்டு. சரக்கு வாங்கும் பையர்களின் ஆட்கள் வந்தால் உட்காரும் இடம் அது. மீட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு சாம்பிள் ஜோடி பூட்ஸும் ஆறு மாதமாக ஏசியில் சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தது. அனுப்புகிற ஒவ்வொரு லாட்டுக்கும் நாங்கள் குத்தியது அந்த ஜோடியைத்தான். அதனால் எங்கள் செக்கிங் தாளில் வெயில் காலம், மழைக்காலம் என்ற பேதமே கிடையாது. வருடம் முழுக்க ஒரே எண். கீழே என் கையெழுத்து.

அந்த ஆகஸ்ட் கடைசி வாரம் விடாமல் மழை. பாக்கிங் சூப்பர்வைசர் கஸ்தூரி, பேர்ணாம்பட்டுப் பக்கத்துக்காரி, பூட்ஸை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பாக்கிங்கில் இருக்கும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கை நாள் முழுக்கப் பசையிலும் பாலிஷிலும் கிடப்பதால் மரத்துப்போயிருக்கும், கன்னத்துக்குத்தான் தெரியும்.

"சார், இந்த லாட்டு வேணாம் சார். உள்ள சில்லுனு கீது."

"மீட்டர் சரியா காட்டுதும்மா."

"மீட்டரு ஏசி ரூம்ல கீது சார். பூட்ஸு இங்க கீது."

கன்டெய்னர் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றத்தான் இப்போது டெக்சாஸ் போனேன்.

ஏர்போர்ட்டை விட்டு வெளியே கால் வைத்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடி படிந்தது. அக்டோபர் மாதம், இருட்டப் போகும் நேரம், அப்படியும் ஒரு புழுக்கம். வேலூர் வெயில் அப்பளம் பொரிக்கும். இந்த ஊர் வெயில் இட்லி அவிக்கிறது. மங்கலாக ஒரு பெரிய உருவம் தொப்பியோடு வந்து என் பெட்டியைப் பிடுங்கியது. திருடன் என்று நினைத்து நான் இழுக்க, அது "சாம்?" என்றது. அதுதான் டேல்.

டேலும் மற்றவர்களும் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுத வருகிறது. டெக்சாஸ்காரர்கள் ஆம்பூர்க்காரர்கள் மாதிரிப் பேசினால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டேலின் வண்டி எங்கள் ஊர் மினி பஸ் உயரம். உள்ளே ஏசி போட்டிருந்த அளவுக்கு மீன் வைத்தால் ஒரு வாரம் கெடாது. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு கடைக்குப் போனோம். பதினாலு மணி நேரம் புகையில் வாட்டிய மாட்டிறைச்சி என்று பெருமையாகச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினாலு மணி நேரத்தில் ஒரு தடவைகூட யாருக்கும் மிளகாய் ஞாபகம் வரவில்லை. கூடவே வெள்ளை பிரெட் இரண்டு துண்டு, குடிக்க ஐஸ் போட்ட டீ. ஆம்பூரில் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு இல்லாமல் வைத்துவிட்டால் சண்டையே வரும். இங்கே ஆறிப்போன டீயை ஒரு குடம் அளவு கொடுக்கிறார்கள், எல்லாரும் சந்தோஷமாகக் குடிக்கிறார்கள்.

டேல் நல்ல மனுஷர். அதுதான் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கத்துகிற ஆள் என்றால் நானும் கத்தலாம். இவர் தணிந்த குரலில், "நல்லா தூங்கு சாம். நாளைக்குப் பூசணத்தப் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை, லாட்ஜிலிருந்து கோடவுன் ஒரு கிலோமீட்டர்தான் என்று நடந்தேன். அந்த ஊரில் யாரும் நடப்பதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நடைபாதையே இல்லை. பத்து நிமிஷத்தில் ஒரு போலீஸ் வண்டி என் பக்கத்தில் மெதுவாக உரசிக்கொண்டு வந்தது.

"வண்டி ரிப்பேரா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"இல்ல சார், நடக்கிறேன்."

"ஏன்?"

இந்தக் கேள்விக்கு நாற்பத்து நாலு வயது வரை நான் பதில் யோசித்ததே இல்லை. "கோடவுன் பக்கத்துலதான் சார்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பின் சீட்டில் ஏற்றிக் கோடவுன் வாசலில் இறக்கினார். போலீஸ் வண்டியின் பின் சீட்டிலிருந்து இறங்கி வந்து என் கம்பெனியின் நாணயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

கோடவுன் ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே ஏசி. காலை ஏழு மணிக்கு லாரி வந்து நிற்கும் பெரிய கதவை முழுக்கத் திறந்து வைத்து, பத்து மணி வரை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். ஈரக் காற்று பெருமாள் கோயில் கூட்டம் மாதிரி உள்ளே நுழைகிறது. எனக்கு மனசுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை முளைத்தது.

"பாருங்க டேல். இந்தக் கதவுதான் காரணம். உங்க காத்துதான்" என்றேன்.

"இல்ல சாம். உங்க மழைதான்" என்றார் அவர்.

நான் செக்கிங் தாளை எடுத்து நீட்டினேன். அழகான தாள். ஒவ்வொரு வரியிலும் ஒரே எண். டேல் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். "உங்க ஊர்ல தோலுக்கு ரொம்ப கட்டுப்பாடு போல" என்றார். கிண்டலா, பாராட்டா என்று தெரியவில்லை. தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு முழுக்க இதே பேச்சு. உங்கள் காற்று, உங்கள் மழை. சாயங்காலம் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அங்கே அவளுக்கு விடியற்காலை டியூட்டி.

"இன்னாங்க, ஒத்துக்கினாங்களா?"

"இன்னும் இல்ல."

"தப்பு யாரு மேலங்க?"

"அதத்தான் பேசிக்கினு இருக்கோம்" என்றேன். நர்ஸ்களிடம் பொய் சொல்வது கஷ்டம். தினமும் நோயாளிகள் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் டேலுக்கே அலுத்துவிட்டது. "பூசணத்த விடு. இன்னிக்கு ராத்திரி நரி வேட்டைக்குப் போலாம்" என்றார். அவருடைய மச்சினர் வெய்ன் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். கயோட்டி என்று அங்கே ஒன்று உண்டு, நரிக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு ஜாதி. அது கன்றுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறதாம். சுடுவதற்குத் தடை இல்லை. வெய்ன் புதிதாக, துப்பாக்கி மேல் மாட்டி இருட்டில் பார்க்கும் தெர்மல் ஸ்கோப் ஒன்று வாங்கியிருக்கிறார், அதைக் காட்டியே ஆக வேண்டும் என்று துடிக்கிறார்.

நான் ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். மலையடிவாரம். அங்கே வேர்க்கடலைக் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வரும். நாங்கள் தகர டின்னைத் தட்டுவோம், பட்டாசு கொளுத்துவோம். பன்றி கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு மறுபடி கடலையைத் தோண்டும். விஞ்ஞானம் இதைவிட என்ன செய்துவிடுகிறது பார்ப்போம் என்று கிளம்பினேன்.

வெய்ன் வெற்றிலைக்குப் பதிலாக ஏதோ புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுகிற ஒல்லி ஆள். வண்டியின் பின் சீட்டில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஸ்பாஞ்சு மெத்தையில், துப்பாக்கியில் மாட்டியபடியே ஸ்கோப் படுத்திருந்தது. ஏசி காற்று நேராக அதன் மேல் விழும்படி துளையைத் திருப்பி வைத்திருந்தார்.

"சூடு ஆகிடக் கூடாது பாரு. ரொம்ப நாசூக்கான சாமான்" என்றார்.

ஸ்கோப்பின் மகிமையை வழி முழுக்கச் சொன்னார். வெளிச்சமே வேண்டாம், உடம்புச் சூட்டைப் பார்க்கும். உயிர் இருப்பதெல்லாம் வெள்ளையாக எரியும், மற்றதெல்லாம் கறுப்பு. அரை மைலுக்கு அப்பால் எலி தும்மினாலும் தெரியும். நான் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வந்தேன். கோடவுனில் இரண்டு நாளாக என் தாளை நான் இப்படித்தான் புகழ்ந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். சாயங்காலம் தூறியிருந்தது. தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. இறங்கிய நொடி என் மூக்குக் கண்ணாடி போய்விட்டது. துடைத்துக்கொண்டு நின்றேன். வெய்ன் ஒரு சின்ன ஸ்பீக்கரைப் புல்லில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். அடிபட்ட முயல் அழுகிற சத்தம். அது காதில் விழுந்தால் இலவசச் சாப்பாடு என்று கயோட்டி ஓடி வருமாம். எலெக்சன் சமயத்தில் எங்கள் ஊரிலும் ஸ்பீக்கர் வைத்துக் கூப்பிடுவார்கள்.

வெய்ன் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியில் மாட்டியிருந்த ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அது அவ்வப்போது உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம் போட்டது. தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறதாம். வெய்ன் தலையை எடுத்தார், மறுபடி வைத்தார். ஒரு குமிழைத் திருகினார்.

"இன்னா தெரியுது?" என்று டேல் கேட்டார்.

"எல்லாம் தெரியுது" என்றார் வெய்ன், அவ்வளவு உறுதி இல்லாமல்.

என்னையும் பார்க்கச் சொன்னார். துப்பாக்கி அவர் கையில்தான் இருந்தது, நான் கண்ணை மட்டும் கொடுத்தேன். உள்ளே கஞ்சி. புல், மரம், வானம் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தது. பிறகு வெய்னே ஒப்புக்கொண்டார். ஈரம் ஜாஸ்தியான ராத்திரியில் தரையும் மரமும் காற்றும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். வித்தியாசம் இருந்தால்தானே கருவி எதையாவது காட்டும். பனி மூட்டம் வேறு வந்தால் தூரத்திலிருந்து வரும் சூட்டை அது குடித்துவிடும். அரை மைல் எலி போய், நூறு கஜத்தில் நிற்கும் எருமைகூடச் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

முயல் இருபது நிமிஷம் அழுதது. கொசுக்கள் மட்டும் வந்தன. திடீரென்று வெய்ன் மூச்சைப் பிடித்தார்.

"வந்துட்டான்."

புல்லுக்கு நடுவில், தாழ்வாக, வெள்ளையாக ஒன்று. டேலும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஓரம் எல்லாம் கரைந்து, பஞ்சு மாதிரி ஒரு உருண்டை.

"படுத்துக்கினு இருக்கான்" என்றார் வெய்ன்.

அவன் படுத்தவன் படுத்தவன்தான். ஐந்து நிமிஷம் ஆகியும் அசையவில்லை. "ரொம்ப தந்திரக்காரன். நாம இருக்கோம்னு தெரிஞ்சிடுச்சு" என்று வெய்ன் கிசுகிசுத்தார். எனக்கும் அந்த நரி மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வெய்ன் சுட்டார்.

"டங்" என்று கேட்டது. நரியிலிருந்து ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது.

டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடினோம். மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். வெய்னின் சொந்த மோட்டார். சாயங்காலம் ஓடி நின்றதால் இன்னும் சூடாக இருந்தது, அதுதான் வெள்ளையாக எரிந்திருக்கிறது. எங்கள் ஒடுகத்தூர்ப் பக்கம் பம்பு செட்டைத் திருடுவார்கள், ஒயரை அறுப்பார்கள். சுட்டவரை நான் பார்த்ததில்லை.

வெய்ன் ஸ்கோப்பின் முன்பக்கக் கண்ணாடியை விரலால் தொட்டார். விரல் நனைந்தது. டார்ச்சில் பார்த்தால் கண்ணாடி முழுக்க முத்து முத்தாக நீர். அப்போது டேல் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். என் மூக்குக் கண்ணாடியிலும் அதே நீர்.

இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் நான் குவாலிட்டி ஆபீசரே இல்லை.

"டேல், ஏசியில கெடந்த ஜில்லுனு இருக்கிற சாமான ஈரக் காத்துல எடுத்தா வேர்க்கும். இந்த ஸ்கோப்பு வேர்த்துச்சு. என் கண்ணாடி வேர்த்துச்சு. தெனம் காலையில கதவத் தொறக்கிறப்ப உங்க கோடவுன்ல என் பூட்ஸும் இப்படித்தான வேர்த்திருக்கும்?"

டேல் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்தார். பிறகு, "ஆமா சாம். நாளைக்கு எழுதித் தர்றேன்" என்றார். ஒரு மோட்டாரின் உயிரில் நான் பிழைத்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

நான்காம் நாள் காலை, சாட்சிக்காக மோட்டாருக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு, மூவரும் சாப்பிடப் போனோம். சின்ன ஊர்க் கடை, எல்லா மேஜையிலும் பண்ணைக்காரர்கள். உள்ளே நுழைந்ததும் வெய்ன் தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் கேட்கும்படி, "நேத்து ராத்திரி என் பம்ப நானே சுட்டுட்டேன்பா" என்றார். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். யாரோ கேட்டார்கள், அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார், ஸ்கோப்பை ஏசியில் வைத்த மடத்தனத்தையும் சேர்த்து. எங்கள் கம்பெனியாக இருந்தால் அந்த மோட்டார் தானாகவே வந்து குண்டின் மேல் விழுந்தது என்று ஒரு தாள் தயாராகியிருக்கும், கீழே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். முட்டைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

எம்.டி.க்குச் செய்தி போயிருந்தது. போனில் குதித்தார். "சபாஷ் சாமுவேல்! கையெழுத்து வாங்கினதும் மொத ஃப்ளைட்ட புடி. வேற எதுவும் பேசாத."

கோடவுனில் டேல் கடிதத்தை டைப் அடித்து வைத்திருந்தார். பேனாவையும் திறந்துவிட்டார். அப்போது வெய்ன், ராத்திரி பட்ட அவமானத்தைத் துடைக்கவோ என்னவோ, ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி எடுத்து வந்தார். "ஒரு மணி நேரம் இந்தக் காத்துலயே வெச்சிருந்தேன். இப்ப வேர்க்காது. எந்தப் பூட்ஸு ஈரம்னு இதுலயே தெரியும். ஈரம் காயறப்ப அந்த எடம் ஜில்லுனு ஆகும், கறுப்பா காட்டும்" என்றார். டேல் பேனாவை வைத்துவிட்டார்.

கதவு ஓரத்துப் பெட்டிகளிலிருந்தும் நடுவிலிருந்தும் கடைசி மூலையிலிருந்தும் பூட்ஸை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து, பெரிய ஃபேனைப் போட்டோம். கால் மணி நேரம் கழித்து டேல் ஸ்கோப்பில் பார்த்தார். கதவு ஓரத்து வரிசை லேசாகக் கறுத்திருந்தது. நான் சொன்னது சரி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அவர் கருவியைக் கடைசி மூலை வரிசைப் பக்கம் திருப்பி, அப்படியே நிறுத்தினார். என்னிடம் கொடுத்தார்.

கரி பூசின மாதிரி கறுப்பு. காற்றே போகாத மூலையில் இருந்த, பிளாஸ்டிக் கவர் பிரிக்காத பெட்டிகள்.

டேல் அந்த பூட்ஸ்களைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாத்துலயும் உள்ள எச்-4னு ஒரு முத்திர இருக்கு. மத்ததுல வேற நம்பர். இன்னா சாம் அது?"

எச் இங்கிலீஷில் எட்டாவது எழுத்து, அதனால் எட்டாவது மாதம். நாலு என்றால் நாலாவது வாரம். ஆகஸ்ட் கடைசி. அந்தக் குறி எங்கள் கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். அளவு நம்பர் என்று சொல்லியிருக்கலாம். மெஷின் நம்பர் என்று சொல்லியிருக்கலாம். கடிதம் மேஜையில் இருந்தது, பேனா அதன் மேல் இருந்தது. பூட்ஸ் ஹால் மூடாது, என் வேலை போகாது. குனிந்து ஒரு பூட்ஸை எடுத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது, அதைக் கன்னத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது. கஸ்தூரி சொன்ன அதே சில்லு. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் ஒரு கன்னத்தை வைத்துக்கொண்டு, ஒரு பைசா செலவில்லாமல், இரண்டு மாதம் முன்னால் சொன்னதைக் கண்டுபிடிக்க நான் இத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

"அது மழ வாரம் டேல்" என்றேன். "பாக்கிங்ல ஈரம்னு சொன்னாங்க. நான் கேக்கல. மீட்டர்ல குத்தினது ஏசி ரூம்ல இருந்த சாம்பிள் ஜோடிய. கையெழுத்து என்னுது."

வெய்ன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நான் பம்ப சுட்டத மறுநாளே சொல்லிட்டேன். நீ ரெண்டு மாசம் லேட்டு."

டேல் சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவு ஓரத்து வரிசை அவருடையது, மூலை வரிசை எங்களுடையது என்று அன்றைக்கே பிரித்தோம். அடுத்த ஆர்டர் தருவேன் என்றார், ஒரு நிபந்தனையோடு. இனிமேல் செக்கிங் தாளில் எந்தக் கருவியால் பார்த்தது, எந்த ஜோடியைப் பார்த்தது, எந்த இடத்தில் வைத்துப் பார்த்தது என்று மூன்று கட்டங்கள் வேண்டும். பொய் இருந்தால் அதுவே கடைசி கன்டெய்னர்.

ஐந்தாம் நாள் டேலே ஏர்போர்ட்டில் கொண்டு வந்து விட்டார். வழியில் ஐஸ் டீ வாங்கிக் கொடுத்தார். முழுசாகக் குடித்தேன். தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆம்பூரில் எம்.டி. எனக்காகக் காத்திருந்தார். "பூசணம் பாக்க அனுப்பினா பாவமன்னிப்பு கேட்டுட்டு வந்திருக்கிறியேய்யா! அங்க இன்னா சர்ச்சா வெச்சிருக்கான்?" என்று கத்தினார். ஹால் மூடவில்லை, ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை என்பதால் என்னைத் துரத்தவும் முடியவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, கருவி என்ற கட்டத்துக்காக ஒரு தெர்மல் கேமரா வரவழைத்தார். அது எங்கே இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம். சாம்பிள் ரூமில், ஏசிக்கு நேர் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள். எதிரே அதே பழைய சாம்பிள் ஜோடி. யார் வந்தாலும் எம்.டி. அதைக் காட்டுகிறார். எல்லாரும் வியக்கிறார்கள்.

அடுத்த மழை வாரத்தில் அதை ஒரே ஒரு தடவை பாக்கிங் ஹாலுக்குக் கொண்டுபோனேன். வாசலைத் தாண்டியதும் வேர்த்துவிட்டது. கஸ்தூரி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்கு ஜுரமா சார்?"

திரும்ப ஏசியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். கஸ்தூரியிடம், "நீ பார்த்துச் சொல்லும்மா. நீ வேணாம்னா அனுப்ப மாட்டேன்" என்றேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஜோடியை எடுத்துக் கன்னத்தில் வைத்து, பாதி லாட்டை ஒதுக்கினாள். அவை மூன்று நாள் ஃபேன் அடியில் கிடந்தன. லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனான். தாளில் ஜோடி என்ற கட்டத்தில் உண்மையான பெட்டி எண்ணை எழுதினேன். இடம் என்ற கட்டத்தில் பாக்கிங் ஹால் என்று எழுதினேன். கருவி என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பொய் எழுதக் கூடாது. கஸ்தூரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கன்டெய்னர் போய்ச் சேர்ந்து டேலிடமிருந்து மெயில் வந்தது. ஒரு ஜோடியில்கூடப் பூஞ்சை இல்லை. கடைசியில் இரண்டு வரி: "உங்கள் தாளில் போட்டிருக்கும் கஸ்தூரி என்ற கருவி எந்தக் கம்பெனி மாடல்? ஈரக் காற்றில் அதன் கண்ணாடி மங்குமா என்று வெய்ன் கேட்கச் சொல்கிறார்."

ஹாலுக்குப் போய்க் கஸ்தூரிக்குப் படித்துக் காட்டினேன், வெய்ன் மோட்டாரைச் சுட்ட கதையோடு சேர்த்து. அவள் வேலையை நிறுத்தவில்லை.

"மங்காதுன்னு எழுது சார்" என்றாள், பூட்ஸைக் கன்னத்திலிருந்து எடுக்காமலே. "ஆனா ராத்திரில நரி சுட எல்லாம் வராதுன்னும் சேத்து எழுது."

அப்படியே எழுதி அனுப்பினேன்.